எல்லாரிடமும் இருக்கிற பெட்டி

என் அக்கா ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள்: உங்கள் பெட்டி எப்படி இருக்கும்? விமானத்தில் வந்து இறங்கி, பெட்டி வராமல் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் கூப்பிடுகிற எண் ஒன்று உண்டு. அந்த எண்ணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி. விமான நிலையத்தின் பின்வாசலை ஒட்டிய கட்டடம், இரண்டாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல்கள், பதினெட்டு நாற்காலிகள். பதினோரு வருடமாக ஏழாவது நாற்காலி அவளுடையது. ஆங்கிலத்தில் பேசுகிறவர் யார் கூப்பிட்டாலும் அழைப்பை அவளுக்குத்தான் திருப்பிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை, அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. அவளுக்கும் சேர்த்து நான் ஏறியிருக்கிறேன். ஆறு வருடம். பழத்தோட்டங்களில் பழம் பறித்தேன், விடுதிகளில் படுக்கை விரித்தேன், சுற்றுலாப் படகில் பாத்திரம் தேய்த்தேன், ஒரு குளிர்காலம் முழுக்க நாய்க் காப்பகத்தில் இருந்தேன். திரும்பி வந்து மூன்று வாரமாக அக்கா வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்பதுகூட அதிகப்படி. வந்த அன்று கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திய பெரிய பெட்டி திறக்கப்படாமல் அங்கேயே நின்றது. நான் பெட்டியில் அடுக்கியிருந்ததெல்லாம் குளிர் தேசத்துக் கனத்த துணி. இங்கே அடிக்கிற வெயிலுக்கு அதைப் பார்த்தாலே வேர்க்கும். தோள்பையில் இருந்த நாலு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அடுத்து எங்கே கிளம்பலாம் என்று காலை முழுக்க ஃபோனில் துழாவுவேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். நின்றால் ஜன்னல் பக்கம் போகத் தோன்றும். ஜன்னலுக்குப் போனால் தெருவில் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கலாமே என்று இருக்கும்.

"கால ஆட்டாத. வீடே ஆடுது," என்பாள் அக்கா.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். என் கட்சி மாதிரிப் பேசுவார். "அவளாவது ஊர் ஊரா போய்ப் பாத்துட்டா. நான் இருபது வருஷமா மேலயும் கீழயும் போய்க்கிட்டிருக்கேன், இன்னும் அதே கட்டடத்துலதான் நிக்கிறேன்."

சாயங்காலம் நாலரைக்கு அக்கா வருவாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அன்றைய அழைப்புகளைக் கேட்பதுதான் அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அந்த அரைமணி நேரம் மட்டும் என் கால் ஆடாமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. பழைய ஷிப்ட் அட்டவணைகளின் பின்பக்கத்தில், பேனா மை நிறம் மாறி மாறி, பல வருடமாக எழுதிச் சேர்த்தது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள், எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும், தங்கள் பெட்டி மிகச் சாதாரணமானது என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்ற பட்டியல். தோட்டத்தில் முளைக்கிற ரகம் என்பார் ஒருவர். காசுக்குப் பத்து என்பார் இன்னொருவர். கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் அதையே பத்துக் காசுக்கு ஒரு டஜன் என்பார். ஆலையில் ஓடி வந்தது. அலமாரியிலிருந்து அப்படியே எடுத்தது. வெறும் வெனிலா. அழுக்கைப் போல எங்கும் இருப்பது. ஊரிலுள்ள ஒவ்வொரு மனிதனும் அவனுடைய நாயும் வைத்திருக்கிற பெட்டி.

"இந்த நாய் வந்தப்பதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு," என்றாள் அக்கா. "அந்தம்மா அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சிட்டிருக்காங்க. எனக்கு ஒரு நாய் டிராலியத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரியே கண்ணுல தெரியுது. வாயக் கையால பொத்திக்கிட்டுப் பேசினேன்."

"நாமளும்தான் சொல்றோம். தடுக்கி விழுந்தா ஒண்ணுன்னு."

"சொல்றோம். அடுத்தவன் பெட்டியப் பத்தி," என்றாள். "நம்ம ஆளுங்ககிட்ட அவங்க பெட்டியக் கேட்டுப் பாரு. 'அது மாதிரி ஒரு பெட்டி நீங்க பாத்திருக்கவே மாட்டீங்கம்மா, எங்க மச்சான் அங்கேருந்து கொண்டுவந்தது'ன்னு ஆரம்பிப்பாங்க. பத்து நிமிஷம் கேட்டா, கடைசில அதுவும் கறுப்புப் பெட்டிதான்."

ஆங்கிலக்காரர்கள் அப்படி ஏன் பேசுகிறார்கள் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அது அவர்களுடைய மரியாதை. தன்னுடையது ஒசத்தி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்பார்கள். அவர்களோடு ஆறு வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்தவள் நான் என்றேன்.

"நீ பக்கத்துல படுத்திருந்த," என்றாள் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. "நான் காதுக்குள்ள இருந்திருக்கேன்."

அவள் கணக்கு வேறு. ஒரு தடவை சாதாரணம் என்றால் அந்த ஆள் தன் பெட்டியைச் சரியாகப் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை சொன்னால் கூச்சம். மூன்று தடவை சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது, அதை இழந்தால் அவரால் தாங்க முடியாது. அதற்கப்புறம் நிறம், அளவு, சக்கரம் என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அக்கா கண்டுபிடித்து வைத்திருந்த வழி, அந்தப் பெட்டியில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்பது. அடையாளத்தை மறந்துபோகிற மனிதர்கள் எரிச்சலை மறப்பதில்லை. ஜிப் ஒரு மூலையில் பல்லைக் கடிக்கும் என்பார்கள். குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டினால் பாதிதான் வந்தது என்பார்கள். தூக்கினால் ஏதோ ஓர் ஆணி முட்டியில் இடிக்கும் என்பார்கள். அதை வைத்து, கிடங்கில் பெயர்ச் சீட்டு அறுந்துபோய் வரிசையாக நிற்கிற நூற்றுக்கணக்கான கறுப்புப் பெட்டிகளில் ஒன்றை வெளியே இழுத்துவிடுவாள்.

ஆனால் இப்படிக் கேட்பதற்கு நேரம் பிடிக்கும். அவளுடைய மேற்பார்வையாளர் அம்மாவுக்கு அலுவலகத்தில் 'மூணு நிமிஷம்' என்று பெயர். ஓர் அழைப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அவருடைய மேசையில் மஞ்சள் விளக்கு எரியும். அக்காவுடைய விளக்கு அணைந்ததே கிடையாது. முந்தின வாரம்தான் அக்காவைக் கூப்பிட்டு இரண்டாவது முறையாக எச்சரித்திருந்தார். மூன்றாவது முறை என்று ஒன்று வந்தால் அவர் கையில் இல்லை, மேனேஜரிடம் போய்விடும், நாற்காலி போய்விடும் என்று சொல்லிவிட்டார். அத்தான் வேலை செய்கிற கம்பெனியில் ஏற்கெனவே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் ஏழாவது நாற்காலி ஒருத்தியுடைய நாற்காலி மட்டும் இல்லை.

இரண்டு எச்சரிக்கையும் ஒரே ஆளால் வந்தவை. அக்கா அவருக்கு 'சாதாத்துரை' என்று பெயர் வைத்திருந்தாள். மகளைப் பார்க்க ஒரு வாரம் இங்கே வந்தவர். நான் வந்த அதே விமானம். பெட்டி வரவில்லை. வாரம் முடிந்து பெட்டியில்லாமலே ஊருக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் பக்கத்து சீட்ல யாராவது சாதாவா உக்காந்திருந்தாரா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"முந்நூறு பேரும் சாதாவாத்தான் இருந்தாங்க."

கம்பெனி நஷ்டஈடு தருகிறோம் என்றது, வேண்டாம் என்றார். உள்ளே என்ன என்று கேட்டால் சட்டைகள், சவரச் சாமான், சில்லறைப் பொருள்கள். பெட்டி எப்படி என்றால் சாதாரணம், கறுப்பு, காசுக்குப் பத்து. அவசரம் ஒன்றுமில்லை, கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். "கொஞ்சம் தொந்தரவுன்னு சொல்றதுக்கு ஒன்பது தடவ கூப்பிட்டிருக்காரு," என்றாள் அக்கா. "பின்னாடி ஏதோ மெஷின் ஓடிட்டே இருக்கும். ஸர்ர்ருனு. அதத் தவிர வேற சத்தமே கிடையாது. பிடிக்காதது என்னன்னு கேட்டா, நல்ல பெட்டி, குறை ஒண்ணும் இல்லைங்கறாரு. இந்த மாதிரி ஆளு பதினோரு வருஷத்துல வந்ததே இல்ல."

இந்த வாரத்தோடு அவருடைய புகார்க் கோப்பை மூடச் சொல்லி 'மூணு நிமிஷம்' உத்தரவு போட்டிருந்தார்.

புதன்கிழமை அக்கா செருப்பைக் கழற்றும்போதே முகம் மலர்ந்திருந்தது. டீக்குக்கூட உட்காரவில்லை.

"கெடச்சிடுச்சு. சாதாத்துரையோட குறை."

"என்ன கேட்ட?"

"சரி, உங்களுக்குக் குறை இல்ல, உங்க வீட்டம்மாவுக்கு அந்தப் பெட்டில எது பிடிக்காதுன்னு கேட்டேன். சிரிச்சாரு பாரு. அந்தம்மா ஏர்போர்ட்ல இவர் கூட நடக்கவே மாட்டாங்களாம். ஏன்னா அந்தப் பெட்டியோட கைப்பிடி பாதிக்கு மேல வராது. இடது சக்கரத்துல ஒரு உதை விட்டா டக்குனு மீதியும் வரும். எல்லாரும் பாக்க உதைக்கிறது மானக்கேடா இருக்குன்னு அந்தம்மா பத்தடி தள்ளியே வருவாங்களாம். நாளைக்குக் காலைல கிடங்குக்குப் போய் ஒவ்வொண்ணா உதைக்கப் போறேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். விமான நிலையத்தில் என் பெட்டியின் கைப்பிடி பாதியில் சிக்கிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. விமானத்தில் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே, கூன் விழுந்தவள் மாதிரி டாக்ஸி வரை இழுத்து வந்திருந்தேன். வெளியே வந்ததும் சீட்டைப் படிக்காமல் கிழித்துக் குப்பையில் போட்டது என் பழைய பழக்கம்.

முன்னறைக்குப் போய், கதவருகே நின்ற பெட்டியின் இடது சக்கரத்தில் ஓர் உதை விட்டேன். டக்கென்றது. கைப்பிடி முழுசாக மேலே வந்தது.

திரும்பினால் அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் டீத் தம்ளர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வாரமா," என்றாள். "மூணு வாரமா உன் பெட்டியத் திறந்து பாக்கணும்னு உனக்குத் தோணலியா?"

"எதுக்குத் திறக்கணும்? திரும்பவும் கிளம்பத்தானே போறேன்."

"மாத்துத் துணிகூட வேண்டாமா? பொம்பளையா நீ?"

திறந்தால் தங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அத்தான் வந்ததும் மூன்று பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம், சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி. போன வருடம் ஒரு கிடங்கு ஊழியருடைய மைத்துனன் வீட்டில் பயணியின் பெட்டி ஒன்று கிடந்தது. மாறிப் போனது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இங்கேயோ, கோப்பைக் கையில் வைத்திருந்தவளே அக்கா. பயணி நஷ்டஈடு வேண்டாம் என்கிறார். பெட்டி அவள் வீட்டு முன்னறையில் நிற்கிறது. கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை.

"நான் எடுத்துட்டுப் போய் ஏர்போர்ட்ல பெட்டி வர்ற பெல்ட்டுகிட்ட வச்சிட்டு வந்துடறேன்," என்றேன். எனக்கு உடனே எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது.

"டிக்கெட் இல்லாம உள்ள விடுவாங்களா?"

"டிக்கெட் எடுக்கறேன்."

"எடுத்தா அப்படியே போயிடுவ," என்றாள் அக்கா.

"எங்க கட்டடத்து லிஃப்ட்ல வச்சிடலாம்," என்றார் அத்தான். "ஒரு மணி நேரத்துல காணாமப் போயிடும். கியாரண்டி."

யாரும் சிரிக்கவில்லை. அக்காதான் கடைசியில் வழி சொன்னாள். கிடங்கில் சீட்டு இல்லாத பெட்டிகளின் வரிசைக்கு அவள் எப்படியும் நாளைக் காலை போகப் போகிறாள். இதையும் அங்கே நிறுத்திவிட்டு, உதைத்து, கைப்பிடியை இழுத்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினால் முடிந்தது. பொய்யும் பெரிதாக இல்லை, கண்டுபிடித்தது அவள்தானே. நாற்காலியும் நிற்கும், ஒருவேளை பாராட்டுக்கூடக் கிடைக்கும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் பெட்டியை இழுத்துக்கொண்டு அவளோடு போனேன். தவறான வீட்டுக்குப் போன பெட்டிகளை டிரைவர்கள் திருப்பிக் கொண்டுவருவது அங்கே அன்றாடம் என்பதால் வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிடங்கு நான் நினைத்ததைவிடப் பெரியது. தகரக் கூரை, ரப்பர் வாடை, ஆள் உயரத்துக்கு அடுக்குகள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, நடுவில் ஒரு நீலம். எத்தனை பேருடைய கைப்பிடி, எத்தனை பேருடைய உதை. அக்கா சீட்டில்லாத வரிசையில் ஓர் இடைவெளி பார்த்து எங்கள் பெட்டியை நிறுத்தினாள். நிறுத்தியவுடன் அது எது என்று எனக்கே தெரியவில்லை.

கிடங்குக்காரர் பதிவேட்டோடு வந்தார். அக்காவும் அவரும் பதினோரு வருடமாக ஃபோனில் பேசியிருக்கிறார்கள். நேரில் பார்ப்பது நாலைந்து தடவைதான் இருக்கும்.

"என்ன தங்கச்சி, சாதாத்துரை சிக்கிட்டாரா?"

"சிக்கிட்டாருண்ணே."

"அதானே பாத்தேன். எழுதிக்குங்க. வரிசை எண், தேதி, அப்புறம் இங்க, மூணு வாரமாப் பட்டியல்ல ஏன் வரலங்கறதுக்குக் காரணம்."

அக்கா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். "காரணம் என்னண்ணே எழுதறது?"

"வரிசைப் பொறுப்பாளர் கவனிக்கலன்னு போடுங்க. நான்தான் பொறுப்பாளர். கையெழுத்துப் போட்டுடறேன். தெனம் நடக்கறதுதானே இது."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"கூப்பிட்டுக் கத்துவாங்க. ரெண்டு தடவ கத்தியாச்சு, இது மூணாவது," என்று சிரித்தார். "கத்தினா காதுல போட்டுக்கிறதில்ல. நீங்க எழுதுங்க."

நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். எழுது, எழுது, கிளம்பலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா எழுதவில்லை. பேனாவை மூடி அவரிடம் கொடுத்தாள். வரிசைக்குப் போய், சரியாக அந்தப் பெட்டியின் முன்னால் நின்று, சக்கரத்தை ஓர் உதை விட்டு, கைப்பிடியை இழுத்தாள்.

"இது இங்க இருந்தது இல்லண்ணே," என்றாள். "எங்க வீட்ல இருந்தது." அவர் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

'மூணு நிமிஷம்' என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கண்ணாடி அறை, மேசையில் வரிசையாகச் சின்ன விளக்குகள். அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். என் தங்கச்சி, ஊர் சுற்றி, பெட்டியைத் திறக்காதவள், உதை, கைப்பிடி, கிடங்கில் நிறுத்தியது, எழுதப் போனது, எதையும் விடவில்லை. அவர் இடையில் ஒரு கேள்விதான் கேட்டார், என்னைப் பார்த்து.

"மூணு வாரமா திறக்கவே இல்லையா?"

"இல்ல மேடம்."

"இத மேனேஜர் நம்ப மாட்டாரு," என்றார். "எனக்கே நம்ப முடியல. வழக்கமான மாறாட்டம்னு ஒரு கட்டம் இருக்கு, டிக் பண்ணிட்டுப் போயிருக்கலாமில்ல? யாரு எடுத்தாங்கன்னு அதுல கேக்கறதே இல்ல."

"கிடங்கு வரிசை எண் கேக்குதே மேடம். அதுக்குப் பக்கத்துல கிடங்கு அண்ணன் கையெழுத்துப் போடணும்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவால் மேசையைத் தட்டினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பயணி கொடுத்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்றார். அவர் ஒரு சாட்சி, இன்னொரு சாட்சிக்குப் பக்கத்து அறை அம்மாளைக் கூப்பிட்டார்.

சட்டைகள் இருந்தன. சவரச் சாமான் இருந்தது. அடியில், துண்டில் சுற்றி, தோல் உறை ஒன்று. அதை அவிழ்த்தால் ஏழு கத்தரிக்கோல்கள், பெரியதிலிருந்து சின்னது வரை. பழையவை. ஒன்றின் கட்டைவிரல் வளையத்தில் நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது, அந்த நூல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. கூடவே ஒரு சின்ன டப்பாவில் எண்ணெய், குழந்தைகளுக்குக் கழுத்தில் கட்டுகிற குட்டித் துணி ஒன்று, வாத்துப் படம் போட்டது.

"பட்டியல்ல சில்லறைப் பொருள்கள்னு இருக்கு," என்றார் மேற்பார்வையாளர்.

"முடி வெட்டறவரு," என்றாள் அக்கா. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. "பின்னாடி மெஷின் ஓடிட்டே இருக்கும். கத்தரிக்கோல் சத்தம் ஒரு தடவகூடக் கேட்டதில்ல. ஊருக்குப் போனதுலேருந்து மெஷினாலயே வெட்டிட்டிருக்காரு."

பெட்டி கிடைத்ததைப் பயணிக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. விசாரணையில் இருப்பவர் அழைப்பு எடுக்கக்கூடாது என்பதும் விதி. மேற்பார்வையாளர் இரண்டையும் யோசித்துவிட்டு, தன் மேசை ஃபோனையே அக்கா பக்கம் தள்ளினார். "பதிவாகும். மேனேஜர் கேப்பாரு. எல்லாத்தையும் சொல்லுங்க, மறைக்காதீங்க."

மூன்றாவது மணியில் எடுத்தார். ஸ்பீக்கரில் அந்த மெஷின் சத்தம் எனக்கும் கேட்டது. அக்கா தன் பெயரைச் சொன்னாள், பெட்டி கிடைத்தது என்றாள், எங்கே கிடைத்தது என்பதையும் மூச்சு விடாமல் சொன்னாள். என் தங்கை எடுத்துப் போனாள், என் வீட்டில் இருந்தது, நீங்கள் ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் அது எங்கள் வாசலில்தான் இருந்தது, புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மெஷின் நின்றது. எனக்கு நகத்தைக் கடிக்க வேண்டும் போலிருந்தது, கடித்தேன்.

பிறகு அவர் சொன்னது, இது யாருக்கும் நடக்கக்கூடியது, ரொம்பச் சாதாரணமான விஷயம் என்று. ஆறு வருடமாக ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது. ஆனால் அன்று அவர் குரல் நடுங்கியது. கத்தரிக்கோல் உறை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஏழும் இருக்கிறது என்றாள் அக்கா. ஏழுமா என்று திரும்பக் கேட்டார். நூல் சுற்றியதும் இருக்கிறது என்றாள். அவை பழைய சாமான்கள்தான், பெரிய மதிப்பு ஒன்றுமில்லை, மகளுடைய குழந்தைக்கு முதல் முடி வெட்டலாம் என்று எடுத்து வந்தேன், வெட்ட முடியவில்லை, பரவாயில்லை என்றார். அப்புறம் எந்தத் தேதியில் வந்து சேரும் என்று மூன்று தடவை கேட்டார். அக்கா மூன்று தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொன்னாள்.

வைக்கப் போகும்போது கேட்டார்: உங்கள் தங்கையுடைய பெட்டி அவருக்குக் கிடைத்துவிட்டதா?

அக்கா என்னைப் பார்த்தாள். மேற்பார்வையாளரும் பார்த்தார். அந்த அறையில் அதுவரை யாரும் அதை நினைக்கவில்லை, என்னையும் சேர்த்து. எனக்கென்று ஒரு பெட்டி மூன்று வாரமாகத் தொலைந்திருந்தது.

இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை வைத்தாள். மேசையில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினாறு நிமிடம். மேற்பார்வையாளர் கையை நீட்டி அதை அணைத்தார்.

மேனேஜர் திங்கட்கிழமை கூப்பிட்டார். அதுவரையான மூன்று நாளும் அக்கா வீட்டில் இருந்தாள். ஊர் சுற்றிய என்னைவிட அந்த மூன்று நாளில் நிலைகொள்ளாமல் இருந்தது அவள்தான். அலமாரியை எல்லாம் இறக்கித் துடைத்தாள், திரும்ப ஏற்றினாள், அத்தானுடைய ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி அவரிடம் திட்டு வாங்கினாள். கேட்பதற்கு ஒரு குரல் இல்லாமல் காது காலியாக இருக்கிறது என்றாள். எனக்கு டிக்கெட் தேடுகிற தைரியம் வரவில்லை. ஃபோனைத் திறந்தாலே குற்றம் செய்கிற மாதிரி இருந்தது.

திங்கள் பத்து மணிக்கு அவளை உள்ளே விட்டுவிட்டு எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்தேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் ஹெட்செட்டையும் அடையாள அட்டையையும் வாசல் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும் என்று முந்தின நாள் அத்தான் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்தேன். காவலர் மேசை மேல் யாராவது எதையாவது வைக்கிறார்களா என்று பார்த்தேன். நாலு பஸ் வந்து போயின. எதிலும் ஏறத் தோன்றவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்து அக்கா வேகமாக வெளியே வந்தாள். காவலர் மேசையைத் தாண்டினாள். நிற்கவில்லை. ஹெட்செட் அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது, வயர் தோளில் சுற்றியபடி. கழற்ற மறந்து வந்திருந்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "எச்சரிக்கை லெட்டர்தான். கோப்புல வைப்பாங்களாம். ஆறு மாசத்துக்கு ஒரு தப்பும் பண்ணக்கூடாதாம்."

"அந்த ரெக்கார்டிங்?"

"ரெண்டு தடவ போட்டுக் கேட்டாரு. ஒண்ணும் சொல்லல. அந்தத் துணில வாத்துப் படம் இருந்துச்சான்னு மட்டும் கேட்டாரு." அவள் ஏற்கெனவே திரும்பிவிட்டாள். "லைன்ல ஒரு அம்மா காத்திருக்காங்க, நான் போறேன். நீ கிடங்குக்குப் போ. ஒரு மணிக்கு அண்ணன் சாப்பிடப் போயிடுவாரு, அதுக்குள்ள அந்தச் சீட்டில்லாத வரிசைல உன் பெட்டியத் தேடு."

"என்னோடது எதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதுதான்," என்றாள். "எல்லாத்தையும் திறந்து பாரு."

ஐந்தாவது பஸ் வந்து நின்றது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடந்தேன்.